தூக்காத கை

தேனியிலிருந்து குமுளி போகிற ரோட்டில் வண்டி ஓட்டுகிறவனுக்கு இரண்டு விஷயம் தெரிந்திருந்தால் போதும். ஒன்று, ஆடி மாசத்துக் காற்றில் ஸ்டீரிங்கை இழுத்துப் பிடிக்கத் தெரிய வேண்டும். இன்னொன்று, எதிரே வருகிற டிரைவருக்குக் கை காட்டத் தெரிய வேண்டும். முதலாவது தெரியாதவனைக்கூட மன்னித்துவிடுவார்கள். இரண்டாவது தெரியாதவனை, ‘இவரு பெரிய கலெக்டரு’ என்று லோயர்கேம்ப் டீக்கடையில் வைத்துக் கிழித்துத் தொங்கப் போட்டுவிடுவார்கள்.

அது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. உள்ளங்கை ஸ்டீரிங்கிலேயே இருக்க விரல்களை மட்டும் தூக்கினால், ‘நல்லாருக்கியா, போய்ட்டு வா’ என்று அர்த்தம். லைட்டை இரண்டு தடவை அடித்துவிட்டு, ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டிக் கீழ்ப்பக்கமாகத் தட்டினால், ‘நில்லு, சேதி இருக்கு’. அதைப் பார்த்துவிட்டால் பின்னால் எவன் திட்டினாலும் நிறுத்தியாக வேண்டும். செல்போன் என்பது பணக்காரர்கள் இடுப்பில் மட்டும் தொங்கிய காலம் அது. பிள்ளை பிறந்தது, மாமனார் போய்ச் சேர்ந்தது, வீட்டில் மறந்து வைத்த சாப்பாட்டுத் தூக்கு, எல்லாமே இப்படித்தான் வண்டி மாறி வண்டியாகப் போய்ச் சேர்ந்தன. இன்னொரு வழக்கமும் உண்டு. ஒரு டிரைவர் வீட்டில் துட்டி விழுந்துவிட்டால் அடக்கம் முடிகிறவரை அவனுக்கு யாரும் கை காட்ட மாட்டார்கள். தலையைக் குனிந்தபடி கடந்து போய்விடுவார்கள். யார் வைத்த சட்டம் என்று கேட்டால் ஒருத்தனுக்கும் தெரியாது.

இம்மானுவேல் ஓட்டியது ‘கயல்’ பஸ். மலைச்சாமி ஓட்டியது ‘ஜக்கம்மா’. இரண்டும் ஒரே முதலாளியின் வண்டிகள். ஒன்றுக்கு மகள் பெயர், இன்னொன்றுக்குக் குலசாமி பெயர். ஒன்று குமுளிக்கு ஏறும்போது மற்றது தேனிக்கு இறங்கும். ஆகவே நடுவழியில் எங்கேயாவது ஓரிடத்தில் இருவரும் பார்த்துக்கொண்டுதான் தீர வேண்டும். மற்றவர்களைப் போல விரலைத் தூக்குவதோடு இவர்களுக்கு ஆகாது. வயதில் மூத்தவரான மலைச்சாமி தோள்வரை கையை வெளியே விட்டு, ‘ஏலே இம்மானூ!’ என்று ரோடே கேட்கக் கத்துவார். இம்மானுவேல் ஆரனைக் குட்டையாக இரண்டு தரம், நீளமாக ஒரு தரம் அமுக்குவான். பஸ்ஸில் இருக்கிற பெண்கள், ‘நேத்துத்தானய்யா பாத்தீக, அதுக்குள்ள என்ன?’ என்று கேலி செய்வார்கள்.

இம்மானுவேலின் வீடு சின்னமனூரில், ரோட்டோரத்திலேயே இருந்தது. பிள்ளை குட்டி இல்லை. ஞானபாக்கியம் மட்டும்தான். அவளுக்கு இருதயத்தில் வால்வு சரியில்லை. கம்பத்தில் ஒரு டாக்டர் பார்த்துக்கொண்டிருந்தார். மாத்திரையை நேரத்துக்குப் போட்டாக வேண்டும். அவளோ, வேலைக்கு நடுவில் மறந்துவிடுகிற ஜாதி. எனவே வீட்டு வாசலில் பஸ்ஸை நிறுத்திவிட்டு இம்மானுவேல் உள்ளே ஓடுவான். மாத்திரையைக் கையில் கொடுத்து, அவள் தண்ணீர் குடிக்கிறவரை நின்று பார்த்துவிட்டு ஓடி வருவான். பயணிகள் யாரும் முணுமுணுத்ததில்லை. ‘இன்னைக்கு எப்படிப்பா இருக்கு?’ என்று விசாரிக்கத்தான் செய்வார்கள்.

அதைக் கெடுத்தது மலைச்சாமியின் வாய். கெட்ட வாய் இல்லை. சும்மா இருக்கத் தெரியாத வாய், அவ்வளவுதான். கயல் வண்டி ஏன் தாமதமாகிறது என்று முதலாளி கேட்டபோது, மனிதர் பெருமை பொங்கச் சொல்லிவிட்டார்: “அவன மாதிரி ஒரு புருசன் உண்டா மொதலாளி! வண்டிய நிறுத்திப் பொண்டாட்டிக்கு மாத்திரை குடுத்துட்டுல்ல வாரான்!”

முதலாளி இம்மானுவேலைக் கூப்பிட்டார். “இனிமே ஒன் வீட்டு முன்னால வண்டி நின்னுச்சுன்னா, சாவியக் குடுத்துட்டு நீயும் அங்கனயே நின்னுக்க.”

“கூட இருந்தே குழி பறிச்சுட்டீகளேண்ணே” என்றான் இம்மானுவேல், குமுளி ஸ்டாண்டில் நாலு பேர் பார்க்க.

“பெருமையாத்தான்டா சொன்னேன். அந்தாளு இப்படிப் புத்தியில எடுப்பாருன்னு யாரு கண்டா?”

இம்மானுவேல் டீயை அப்படியே வைத்துவிட்டுப் போய்விட்டான். மறுநாளிலிருந்து ஜக்கம்மா வண்டி எதிரே வந்தால் பக்கவாட்டுக் கண்ணாடியைச் சரிபார்க்கிற மாதிரித் திரும்பிக்கொண்டான். மலைச்சாமி மட்டும் விடவில்லை. தினமும் கை காட்டினார். பதிலுக்கு விரல் அசையவில்லை என்பது தெரிந்தும் காட்டினார்.

வீட்டு முன்னால் இப்போது ஆரன் மட்டும்தான். குட்டை, குட்டை, நீளம். அதைக் கேட்டால் ஞானபாக்கியம் வாசலுக்கு வந்து மாத்திரையை உயர்த்திக் காட்டி வாயில் போட்டுக்கொள்வாள். பிறகு, டிரைவர் பெண்டாட்டி அல்லவா, விரல்களை மட்டும் தூக்குவாள். ராத்திரிச் சாப்பாட்டின்போது தவறாமல் கேட்பாள்: “மலைச்சாமி அண்ணனுக்குக் கை காட்டுனீகளா?”

“ம்.”

“அந்த மனுசன் வெள்ளந்தியாச் சொன்னது. மனசுல வச்சுக்கிறாதீக.”

“அதான் காட்டுனேன்னு சொல்றேன்ல. தெனமும் காட்டிக்கிட்டுத்தான் இருக்கேன்” என்று சோற்றைப் பார்த்தபடி சொல்வான். அவள் நிம்மதியாக ரசத்தை ஊற்றுவாள்.

தொண்ணூற்றொன்பதாம் வருசத்து ஆடி அது. காலையில் குமுளிக்கு ஏறும்போது ஆரன் அடித்தான். ஞானபாக்கியம் வந்தாள், வழக்கத்தைவிடத் தாமதமாக. ஒரு கை கதவு நிலையைப் பிடித்திருந்தது. இன்னொரு கை மெல்ல உயர்ந்தது. முகம் வெளுத்திருந்ததாக அவனுக்குப் பட்டது. கால் பிரேக்கின்மேல் போனது. முதலாளியின் பேச்சு காதில் ஒலித்தது. காலை எடுத்துவிட்டான்.

குமுளியிலிருந்து திரும்பி இறங்கும்போது அனுமந்தன்பட்டி தாண்டிப் புளியமரத்து வளைவு. காற்று பஸ்ஸைப் பிடித்துத் தள்ளிக்கொண்டிருந்தது. எதிரே ஜக்கம்மா வந்தது. வருகிற வேகமே சரியில்லை. மலைச்சாமி அப்படி விரட்டுகிற ஆள் கிடையாது. தூரத்திலேயே லைட் இரண்டு தடவை எரிந்து அணைந்தது. மறுபடியும் இரண்டு தடவை. ஜன்னலுக்கு வெளியே கை நீண்டு கீழ்ப்பக்கமாகத் தட்டியது.

“அண்ணே, ஜக்கம்மா நிக்கச் சொல்றாக” என்றான் கண்டக்டர் நாகராஜ்.

“வேற வேலையில்ல. சமாதானம் பேச வாராரு. கண்டுக்காத.”

“இல்லண்ணே, கையத் தட்டுறாக...”

இம்மானுவேல் பார்த்தான். பார்க்காமல் இல்லை. தட்டுகிற கையைப் பார்த்தான், அதன் அர்த்தம் தெரிந்து பார்த்தான். ஒரு நொடி மலைச்சாமியின் கண்ணும் அவன் கண்ணும் மோதிக்கொண்டன. அப்போதுதான் அந்தப் பாழாய்ப்போன ரோசம் எழுந்து நின்றது. என் பெண்டாட்டிக்கு மாத்திரை கொடுக்க நிற்கக் கூடாதாம், இவர் பேச்சுக்கு மட்டும் நிற்க வேண்டுமாம்! ஆக்ஸிலேட்டரை மிதித்தான். போதாததற்கு ஆரனையும் அமுக்கினான். கோபத்தில் அமுக்கினாலும் கைப்பழக்கம் போகுமா? குட்டை, குட்டை, நீளம். இரண்டு பஸ்ஸும் ஒன்றையொன்று உரசுகிற மாதிரிக் கடந்து போயின.

சின்னமனூரில் வீட்டு முன்னால் ஆரன் அடித்தான். கதவு திறக்கவில்லை. மறுபடி அடித்தான். வெளியே பூட்டுத் தொங்கியது. பக்கத்து வீட்டு ராக்கம்மாளோடு சந்தைக்குப் போயிருப்பாள் என்று நினைத்துக்கொண்டு வண்டியை ஸ்டாண்டுக்குள் விட்டான்.

ஸ்டாண்டில் பூ விற்கிற பவுனு அவனைப் பார்த்ததும் கூடையைப் போட்டுவிட்டு எழுந்துவிட்டாள். “ஏய்யா, நீ எப்படி இங்கன வார? ஒன் வீட்டுக்காரிக்கு நெஞ்சு அடைச்சுப்போயி, மலைச்சாமி வண்டியிலயில்ல தூக்கிப்போட்டுக் கம்பத்துக்குக் கொண்டுபோறாக! ராக்கம்மா கூடப் போயிருக்கா. எதுக்க பாக்கலையா நீயி?”

இம்மானுவேல் திரும்பி நாகராஜைப் பார்த்தான். நாகராஜ் டிக்கெட் பையை மார்போடு அணைத்துக்கொண்டு தரையைப் பார்த்தான்.

இம்மானுவேல் வண்டியை அங்கேயே போட்டுவிட்டு ஓடினான். வேலை போனால் போகட்டும் என்கிற தைரியம் அப்போதுதான் வந்தது. வந்து என்ன செய்ய! கம்பம் போகிற வாழைத்தார் லாரி ஒன்றை மறித்து ஏறினான். முன்னால், டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். ‘கர்த்தாவே, கர்த்தாவே’ என்பதற்கு மேல் ஜெபம் வரவில்லை.

உத்தமபாளையம் தாண்டியதும் எதிரே ஒரு பஸ் வந்தது. தெரிந்த டிரைவர். கண்ணாடி வழியாக இம்மானுவேலைப் பார்த்தவர், தூக்கப்போன விரல்களை மடக்கிக்கொண்டார். அடுத்து ஒரு வேன். அந்த டிரைவர் தலையைக் குனிந்துகொண்டார். அதற்குப் பின்னால் ஒரு ஜீப். இவனைக் கண்டால் எக்காளமிடுகிற பயல், தொப்பியைக் கழற்றிவிட்டு ரோட்டைப் பார்த்தபடி போனான். லாரி டிரைவர் வேகத்தைக் குறைத்தார். இனி அவசரமில்லை என்று அவருக்கும் தெரிந்துவிட்டது. இம்மானுவேல் துண்டை வாயில் திணித்துக்கொண்டு அழுதான்.

ஆஸ்பத்திரி வாசலில் ராக்கம்மாள் மாரில் அடித்துக்கொண்டு ஓடி வந்தாள். “பாவி மனுசா! கையத் தட்டுறது கண்ணு தெரியலையா ஒனக்கு? அந்த வண்டிக்குள்ளதானய்யா கெடந்தா ஒம் பொண்டாட்டி!”

மலைச்சாமி நடுவில் வந்து நின்றார். “ஏத்தா, சும்மா இரு. அவன் பாக்கல. எதிர்வெயிலு, போதாததுக்குக் காத்துல கண்ணாடி பூராம் புழுதி. பாத்திருந்தா நிக்காமப் போவானா?”

இம்மானுவேல் அதை மறுக்கவில்லை. அடக்கத்துக்கு வந்தவர்கள் எல்லோரிடமும் மலைச்சாமி அதையேதான் சொன்னார். ‘எதிர்வெயிலு, பாவம், பாக்கல.’ சவப்பெட்டியின் ஒரு முனையை அவரே தூக்கினார். கல்லறைத் தோட்டத்தில் பாஸ்டர் ஜெபம் பண்ணும்போது இம்மானுவேலின் கண் அவர் முகத்துக்கே போனது. அவர் ஒரு தடவைகூட இவனைப் பார்க்கவில்லை.

முதலாளி வேலையிலிருந்து நிறுத்தவில்லை. துக்க வீட்டுக்கு வந்து, எத்தனை நாள் வேண்டுமானாலும் லீவு எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போனார். ஆனால் பூட்டிய வீட்டுக்குள் உட்கார்ந்திருக்க இம்மானுவேலால் முடியவில்லை. சீக்கிரமே வண்டி எடுத்தான். வீட்டைக் கடக்கும்போது ஆரனிடம் கை போகாமல் இருக்க ஸ்டீரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

அன்றைக்குப் போலவே ஒரு நாள் குமுளியிலிருந்து இறங்கி வந்துகொண்டிருந்தான். புளியமரத்து வளைவில் எதிரே ஜக்கம்மா வந்தது. இம்மானுவேல் லைட்டை இரண்டு தடவை அடித்தான். கையை வெளியே நீட்டிக் கீழே தட்டினான். ஜக்கம்மா உடனே நின்றது. மலைச்சாமி அல்லவா, நிற்காமல் போவாரா?

இருவரும் இறங்கினார்கள். இரண்டு பஸ்ஸிலும் ஜன்னல்களில் தலைகள் நீண்டன.

“நான் பாத்தேண்ணே” என்றான் இம்மானுவேல். “லைட்டு அடிச்சது, கையத் தட்டுனது, எல்லாத்தையும் பாத்தேன். வேணும்னேதான் போனேன்.”

“தெரியும்டா.”

“பொறவு எதுக்கு ஊரு பூராம் பொய் சொன்னீக?”

“ஒனக்குப் பிள்ளையில்ல, குட்டியில்ல. ஊரும் ஒன்னயக் காறித் துப்புச்சுன்னா நீ எங்கிட்டுடா போவ?” மலைச்சாமி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “என் வாய்தான எல்லாத்துக்கும் மொதல் காரணம்.”

“அவளுக்குத் தெரியுமா? நான் நிக்காமப் போனது அவளுக்குத் தெரியுமாண்ணே?”

மலைச்சாமி தன் வண்டிப் பக்கம் திரும்பினார். இம்மானுவேல் அவர் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான். “சொல்லுங்கண்ணே. உங்களக் கும்புடுறேன்.”

“என் சீட்டுக்குப் பின்னாடி நீளச் சீட்டுலதான் படுத்திருந்துச்சு, ராக்கம்மா மடியில. நீ ஆரன் அடிச்சியா, கண்ண முழிச்சுருச்சு. ‘அவுக வண்டிண்ணே’ன்னுச்சு. விரலத் தூக்குச்சுடா. ஒன் வண்டி உரசிக்கிட்டுப் போகுது, இந்தப் பக்கம் அது விரலத் தூக்கிக்கிட்டுக் கெடக்கு.”

இம்மானுவேல் அவர் கையை விட்டுவிட்டான்.

“பொறவு கேட்டுச்சு, ‘அண்ணே, அவுக உங்களுக்குக் கை காட்டுனாகளா?’ன்னு.”

“நீங்க...?”

“காட்டுனான் தாயின்னேன். வேற என்னத்தடா சொல்லுவேன்? அதுக்கு அந்த மூச்சுத் திணறல்லயும் ஒரு சிரிப்பு. ‘தெனமும் காட்டுறேன்னு சொல்லுவாக’ன்னுச்சு. ‘அப்ப உங்களப் பாத்துட்டாக. வண்டியத் திருப்பிட்டு வந்துருவாக’ன்னு சொல்லிச்சு. ராக்கம்மா தலையத் திருப்பி வச்சாலும் கேக்கல. புதுப்பட்டியில உசுரு போற வரைக்கும் பின் கண்ணாடியவேதான் பாத்துக்கிட்டு இருந்துச்சு, நீ வாரியா வாரியான்னு.”

காற்று புழுதியை வாரி இறைத்தது. எங்கோ பின்னால் ஒரு லாரிக்காரன் ஆரன் அடித்துவிட்டு, எட்டிப் பார்த்து, நிறுத்திக்கொண்டான். இம்மானுவேல் மலைச்சாமியைத் தாண்டி நடந்தான். ஜக்கம்மா வண்டியைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனான். பின் கண்ணாடி முழுக்கப் புழுதி படிந்திருந்தது. உள்ளே யாரும் தெரியவில்லை. அதற்கு நேரே ரோட்டின் நடுவில் நின்று, அவன் கையைத் தூக்கினான்.