சண்டை ரகம்

அந்தக் குடும்பம் தைத்த லினன் விரிப்பில் யார் படுத்தாலும், அதில் முதன்முதலில் தூங்கிய பெண்ணின் கனவுதான் வரும். இதை அவர்கள் விளம்பரத்தில் போட்டதில்லை. விலையில் மட்டும் சேர்த்துக்கொண்டார்கள்.

வழக்கத்தை ஏற்படுத்தியவர் கடையை ஆரம்பித்த கொள்ளுத்தாத்தா. மணப்பெண் ஒருத்தியின் கன்னத்தைத் தையல் முடிச்சு கீறிவிட்டதாம். அன்றிலிருந்து, வீட்டுப் பெண் ஒருத்தி மதியம் படுத்துப் பார்த்து, உறுத்தவில்லை என்று சொன்னால்தான் விரிப்பு கண்ணாடி அலமாரிக்குப் போகும். அத்தை படுத்துப் பார்த்த காலத்தில் வாங்கியவர்கள் எல்லாரும் கனவில் படகோட்டினார்கள். அத்தைக்குக் கல்யாணமானதும் வேலை இப்போதைய முதலாளியின் மூத்த மகளிடம் வந்தது. அவள் கனவில் மேகம். பெரிய ஓட்டல்காரர்கள் மேகத்துக்காகவே காத்துக்கிடந்தார்கள். சும்மா சொல்லக்கூடாது கண்ணுகளா, தூங்கியே குடும்பத்தைத் தூக்கி நிறுத்தினாள் அந்தப் பெண்.

பிறகு பின்கட்டில் புது இஸ்திரிக்காரர் சேர்ந்தார். நெட்டையான ஆள், நீராவி பட்டால் தும்முவார். தும்மலுக்கு நடுவே அவளைப் பார்த்து, "சாப்ட்டீங்களா?" என்பார். அவ்வளவுதான், அவள் மேகத்தை மறந்தாள். வீட்டிலோ நூல் வியாபாரியின் மகனுக்கு அவளைப் பேசிக்கொண்டிருந்தார்கள். வாயைத் திறந்தால் அந்த மனுஷனுக்கு வேலை போய்விடுமே என்று அவள் மூச்சு விடவில்லை. வாயை அடக்கியவளால் கனவை அடக்க முடியவில்லை.

ஓட்டல்காரர் கடைக்கே வந்துவிட்டார். "என்ன முதலாளி, மேகத்தைக் கேட்டா ஒரு நெட்டையனை அனுப்பியிருக்கீங்க? கனவுல வந்து தும்மிட்டு, சாப்ட்டீங்களான்னு கேக்குறான். என் விருந்தாளிங்க பாதித் தூக்கத்துல எழுந்து சமையல்கட்டைத் தேடிப் போறாங்க!"

அப்பா மகளைப் பார்த்தார். அவள் மடித்த தலையணை உறையையே மறுபடி மடித்தாள். அவர் அன்று மதியமே அலமாரியிலிருந்து ஒரு விரிப்பை எடுத்துப் போட்டுப் படுத்தார். அவள் கதவுக்கு வெளியே நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றாள். சாயங்காலம் முகம் உப்பி எழுந்தவர் நேரே பின்கட்டுக்குப் போனார்.

"சாப்ட்டீங்களா முதலாளி?" என்றார் இஸ்திரிக்காரர், வழக்கம்போல.

"கனவுல வாய் நிறைய மாமான்னு கூப்பிட்டே. இப்ப என்னப்பா முதலாளி?" என்றார் அப்பா. "இந்த வீட்டுல நான் சாப்ட்டேனான்னு கேட்ட ஒரே ஆளு நீதான்."

பதிலுக்கு ஒரு தும்மல்தான் வந்தது. நூல் வியாபாரியோடு பேச்சு நூலோடு நின்றது.

கல்யாணத்துக்குப் பிறகும் அவளே படுத்துப் பார்த்தாள். ஜன்னலைத் திறப்பதா சாத்துவதா என்று புருஷனோடு மல்லுக்கட்டிய வாரங்களில், விரிப்பு வாங்கியவர்களும் கனவில் விடிய விடிய வாதாடினார்கள். அப்பா அந்த விரிப்புகளைத் தனி அடுக்கில் வைத்து, விலையைக் குறைத்து, 'சண்டை ரகம்' என்று அட்டை மாட்டினார். தனியாகக் குடியிருப்பவர்கள் இன்றைக்கும் அதைத்தான் கேட்டு வாங்கிப் போகிறார்கள்.