வாயாடி மூச்சு விடவில்லை

பொம்மை டாக்டர் ஆக்சிஜன் முகமூடியைக் குழந்தையின் முகத்தில் அழுத்திப் பிடித்தார். திரையில் ஆக்சிஜன் அளவைக் காட்டும் எண் எழுபதுகளுக்குச் சரிந்திருந்தது. கருவி விடாமல் அலறியது. குழந்தையின் உதடுகள் நீலம் பாரித்திருந்தன.

"அம்மாவை வெளியே கூட்டிட்டுப் போங்க சிஸ்டர்."

சக்கர நாற்காலியில் இருந்த தாய் அசைய மறுத்தாள். சிஸ்டர் நாற்காலியைத் திருப்பித் தள்ளிக்கொண்டு போனார். கதவு சாத்திய மறுநொடி குழந்தை 'ஹா'வென்று காற்றை இழுத்தாள். எண் மளமளவென்று ஏறியது.

ஸ்டெதாஸ்கோப்பில் துணி முயல் ஒன்று தொங்குவதால் அவர் பொம்மை டாக்டர். கட்டிலில் கிடந்த ஐந்து வயதுக்காரிக்கும் வார்டு ஒரு பெயர் வைத்திருந்தது. நிமோனியாவோடு வந்து சேர்ந்த அன்றே, கொதிக்கும் ஜுரத்திலும், முயலுக்கு மட்டும் ஏன் ஊசி இல்லை என்று டாக்டரோடு மல்லுக்கு நின்று 'வாயாடி' என்று பெயர் வாங்கியவள். ஜுரம் விட்டு, வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்றிருந்த சமயத்தில்தான் இப்படி மூச்சு நிற்க ஆரம்பித்தது.

எக்ஸ்ரேயில் புதிதாக ஒன்றும் இல்லை. இதயத்திலும் கோளாறு இல்லை. மயக்க மருந்து நிபுணர் வந்து பார்த்துவிட்டு, இன்னொரு தடவை நின்றால் தொண்டையில் குழாய் இறக்கி வென்டிலேட்டரில் போட்டுவிடுவோம் என்று சொல்லிப் போயிருந்தார். புண் ஆறாத நுரையீரல். போட்ட குழாயை எடுக்க முடியாமலே போகலாம். அது அவருக்கும் தெரியும், இவருக்கும் தெரியும்.

திரும்பி வந்த சிஸ்டர் குரலைத் தாழ்த்தினார். "தப்பா நினைக்காதீங்க டாக்டர். ஒவ்வொரு தடவையும் அந்தம்மா வந்தப்பதான் நடக்குது."

அந்தத் தாய் மேல்மாடிப் பிரசவ வார்டில் இருப்பவள். அறுவை முடிந்தும் ரத்த அழுத்தம் கட்டுக்குள் வரவில்லை. பிறந்த பிள்ளைக்கு இதயத்தில் ஓட்டை. ஆபரேஷனுக்காக வேறு ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருந்தார்கள். இங்கும் அங்குமாக அல்லாடிக்கொண்டிருந்தான் தகப்பன். பிறந்த பிள்ளை எப்படி என்று யார் கேட்டாலும் சுவரைப் பார்த்து, நல்லா இருக்கான் என்பான்.

"நானும் கவனிச்சேன் சிஸ்டர். அவங்க கை கட்டில்மேலகூடப் படல."

அப்போதுதான் டாக்டருக்கு அது உறைத்தது. கருவி அலறுவதற்கு முன்பே குழந்தையின் கன்னங்கள் உப்பியிருந்தன. உதடுகள் பூட்டுப் போட்டதுபோல் இறுகியிருந்தன. மூச்சு நிற்கவில்லை. இவள்தான் நிறுத்துகிறாள்.

முயலைக் கழற்றி அவள் கையில் கொடுத்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தார். "மூச்சு தானா நிக்குதா கண்ணு, நீ நிறுத்துறியா?"

வாயாடி கதவைப் பார்த்தாள். அம்மா இல்லை என்று உறுதியானதும் முயலின் காதுக்குள் சொன்னாள். "அப்பாதான் சொன்னாங்க. அம்மா முன்னாடி மூச்சு விடக் கூடாதாம். விட்டா அம்மாவுக்கு ரொம்ப முடியாமப் போயிடுமாம்."

சிரிக்கத்தான் வந்தது டாக்டருக்கு. தொண்டையிலேயே அது செத்தது. எதைப் பற்றி மூச்சு விடக் கூடாது என்று கேட்கவில்லை. அந்தச் சுமையைக் குழந்தையின் வாயால் இறக்கிவைக்க அவருக்கு மனம் வரவில்லை.

வராந்தாவில் விஷயத்தைக் கேட்டதும் தகப்பன் ஒப்புக்கொண்டான். போனில் அவன் அழுததை மகள் பார்த்துவிட்டாளாம். "ஓட்டை வாய் டாக்டர் இது. அதான் அழுத்திச் சொன்னேன். இவ அம்மாவுக்கு பிரஷர் இறங்கட்டும்னு..."

"அது எனக்குப் புரியுது. ஆனா உங்க பொண்ணு மூச்சு விடணும்னா நீங்க வாயைத் திறக்கணும்."

டாக்டர் மேல்மாடிக்குப் போன் செய்தார். பிரசவ வார்டு டாக்டர் தாய்க்குப் பிரஷர் மாத்திரை கொடுத்து, தானே நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தார். கதவு திறந்தது. அம்மாவைக் கண்டதும் வாயாடியின் கன்னங்கள் உப்பின. திரையில் எண் இறங்கத் தொடங்கியது.

தகப்பன் மகளின் தலையில் கைவைத்தான். "போதும் தங்கம். இனி மூச்சு விடலாம். அப்பாவே சொல்லிடுறேன்."

அவள் விட்டாள். எண் நின்று, மெல்ல ஏறியது.

பிறகு அவன் மனைவியின் காலடியில் மண்டியிட்டு, அவளுடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டான்.

"நம்ம தம்பிப் பாப்பா ஆபரேஷன்லயே போயிட்டான்மா."