ஆயில் வாடை

புதன்கிழமை காலை ஆறு நாற்பதுக்கு ஹார்லன் வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்தான். கொட்டகைக்குள் டீசல் அடுப்பு எரிந்தது. வெளியே பூஜ்யத்துக்குக் கீழே இருபது. மறுநாள் மதியம் ஒன்று ஐந்துக்கு சோல்வே ஹாவர் ஸ்டேஷனில் இறங்குவாள். அங்கிருந்து பிக் சாண்டிக்கு முப்பத்தைந்து மைல். அந்த முப்பத்தைந்து மைலுக்காகத்தான் இந்த வேலை.

சோல்வே அவன் மனைவி. ஸ்போகேனில் ஒரு பல் மருத்துவரிடம் ஆறு மாத வேலை என்று சொல்லிப் போனவள். பதினான்கு மாதம் ஆகிவிட்டது. இப்போது தம்பி எர்லிங்கின் கல்யாணத்துக்காக வருகிறாள். ஞாயிற்றுக்கிழமை திரும்புகிறாள்.

போன வாரம் போனில் கேட்டாள்.

"ஸ்டேஷனுக்கு யார் வர்றது?"

"நான்தான்."

"அந்த வண்டியிலயா?"

"வாடை போயிடுச்சு. சரி பண்ணிட்டேன்."

பண்ணவில்லை. பதினோரு வருடமாகப் பண்ணவில்லை.

தொண்ணூற்றாறாம் ஆண்டு வண்டி அது. எந்த டீசல் என்ஜினும் உள்ளே கொஞ்சம் மூச்சு விடும். எரிந்த வாயு பிஸ்டனைத் தாண்டிக் கீழே இறங்கி, ஆயில் ஆவியோடும் ஈரத்தோடும் கலந்து, வெளியே போக வழி தேடும். இவன் வண்டியில் அந்த வழி என்ஜினின் முன்புறம் ஒரு குட்டைக் குழாய். ஓடும்போது தெரியாது. சிக்னலில் நின்றால் போதும், அந்த ஆவி பானெட்டுக்குள் சுற்றி, ஹீட்டர் வழியாக முன்சீட்டுக்கு வந்துவிடும். சோல்வேக்குப் பத்து நிமிடத்தில் தலைவலி வரும். கழுத்துத் துண்டை மூக்குவரை ஏற்றிக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். நாளைக்குப் பண்ணிடறேன் என்பான் அவன். மாடிப்படியில் ஆடும் பலகைக்கும் அதைத்தான் சொன்னான்.

அவள் போனது வாடையால் இல்லை. அது அவனுக்குத் தெரியும். ஆனால் எங்கிருந்தாவது தொடங்க வேண்டும்.

எர்லிங் வெல்டிங் கருவியை இழுத்துக்கொண்டு வந்தான்.

"சனிக்கிழமை எனக்குக் கல்யாணம். புதன்கிழமை உன் வண்டிக்கு அடியில கிடக்கறேன். புருவம் எரிஞ்சுபோச்சுன்னா போட்டோவுல நீதான்டா எனக்குப் பதிலா நிக்கணும்."

"உன்னைவிட நல்லாத்தான் இருப்பேன்."

"அதை என் அக்காகிட்ட சொல்லு, மச்சான்."

மூச்சுக்குழாயோடு ஒரு ரப்பர் குழாயைச் சேர்த்து, அதைச் சைலன்சர் குழாய்க்குள் விட வேண்டும். எர்லிங் ஒரு இரும்புக் குழாய்த் துண்டைச் சாய்வாக அறுத்தான்.

"வாய் பின்பக்கம் பார்க்கணும். அப்பதான் புகை ஓடுற வேகத்துல உள்ளேயிருந்து இழுக்கும். முன்பக்கம் பார்த்துச்சோ, என்ஜின் வாயிலயே திருப்பி ஊதிடும். எங்க பத்தவைக்கட்டும்? இங்க, சைலன்சருக்கு முன்னாடி. சூடான இடம். குழாயும் ரெண்டடிதான்."

"இல்ல. கடைசில. வால்கிட்ட."

"வால்கிட்டயா? பன்னிரண்டடி குழாய் வேணும்டா. நடுவுல தொய்ஞ்சு தண்ணி நிக்கும். இந்தக் குளிருல அது கல்லாயிடும். வழி அடைச்சா அந்த மூச்சு எங்க போகும்? என்ஜின்ல ஆயிலை அடைச்சு வெச்சிருக்கற ரப்பர் சீலைப் பிச்சுக்கிட்டு வரும்."

"ஓடிட்டிருந்தா உறையாது."

"ஓடிட்டிருந்தா சரி. நின்னு உறுமிக்கிட்டே இருந்தா?"

"யாரு நிக்கப்போறா? வர்றா, ஏறுறா, போறோம்."

எர்லிங் முகமூடியை இறக்கிக்கொண்டு வால் பக்கம் போனான்.

அன்று மாலை ஹார்லன் என்ஜினை ஓடவிட்டு முன்சீட்டில் உட்கார்ந்தான். ஹீட்டரை முழுதாகத் திறந்தான். ரப்பர் விரிப்பின் வாடை மட்டும் வந்தது. பக்கத்து சீட்டைப் பார்த்துச் சொல்லிப் பார்த்தான்: "நீ போயே ஆகணுமா?" இன்னொரு தடவை, மெதுவாக. பாக்ஸ் எல்டர் ஊர் தாண்டியதும் கேட்பது என்று வைத்துக்கொண்டான். அதற்கப்புறம் சாலை நேராக இருக்கும், அவள் முகத்தைப் பார்க்காமல் சாலையிலேயே கண்ணை வைத்து ஓட்டலாம்.

எர்லிங் ஜன்னலைத் தட்டினான்.

"வண்டி என்ன சொல்லுது? இருக்கறேங்குதா?"

"போடா."

வியாழக்கிழமை பன்னிரண்டரைக்கே ஸ்டேஷனுக்குப் போய்விட்டான். பூஜ்யத்துக்குக் கீழே இருபத்தாறு. மேற்கே எங்கோ ஒரு சரக்கு வண்டி நின்றுவிட்டது, ரயில் இரண்டரை மணி நேரம் தாமதம் என்று எழுதிப் போட்டிருந்தார்கள்.

என்ஜினை அணைக்கவில்லை. ஜனவரியில் இங்கே யாரும் அணைப்பதில்லை. ஸ்டேஷன் வாசலில் ஆறு வண்டிகள் ஆளில்லாமல் உறுமிக்கொண்டு நின்றன. எர்லிங் சொன்னது அவனுக்கு மறக்கவில்லை. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஆக்சிலேட்டரை அழுத்தி, என்ஜினைச் சூடேற்றிக்கொண்டே உட்கார்ந்திருந்தான். இரண்டரை மணி நேரம் அப்படிப் போனது. அணைத்துவிட்டு உள்ளே போய்க் காபி குடித்திருக்கலாம். ஆனால் சீட் ஆறிவிடும். அவள் சூடான சீட்டில் உட்கார வேண்டும்.

மூன்று மணிக்கு அதற்குமேல் உட்கார முடியவில்லை. பிளாட்பாரத்துக்குப் போனான். ரயில் எந்த நிமிடமும் வரலாம், அவள் இறங்கும்போது அவன் எதிரில் நிற்க வேண்டும். நாற்பது நிமிடம் நின்றான். மீசையில் பனி கட்டியது. வாசலில் வண்டி தானாக உறுமிக்கொண்டிருந்தது.

அவள் கடைசிப் பெட்டியிலிருந்து இறங்கினாள். முடியைக் குட்டையாக வெட்டியிருந்தாள்.

"மீசை வெள்ளையாயிடுச்சு," என்றாள்.

"பனி."

"தெரியுது."

பெட்டியை வாங்கிக்கொண்டான். கட்டிப்பிடிப்பதா வேண்டாமா என்று இருவரும் ஒரு நொடி நின்றார்கள். பிறகு நடந்தார்கள்.

வண்டியில் ஏறும் முன்பே துண்டை மூக்குக்கு ஏற்றிக்கொண்டாள். பழக்கம். முதல் சிக்னல் சிவப்பு. ஹார்லன் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தான். பச்சை வர ஒரு யுகம் ஆனது. அவள் துண்டைக் கொஞ்சம் இறக்கினாள். மூச்சை இழுத்துப் பார்த்தாள். முழுதாக இறக்கி மடியில் வைத்தாள்.

"இல்லவே இல்லையே."

"சொன்னேனே."

"நீ எவ்வளவோ சொல்லுவ." ஆனால் சிரித்தாள். கையுறைகளைக் கழற்றினாள். சீட்டைத் தொட்டுப் பார்த்தாள். "நல்லா சூடா இருக்கு."

ஊர் முடிந்தது. இடதுபக்கம் பேர் பா மலைகள். இருபுறமும் கோதுமை வயல்கள் பனிக்கு அடியில். அவள் எர்லிங்கைக் கட்டிக்கொள்ளப்போகும் பெண்ணைப் பற்றிக் கேட்டாள். சிரிச்சாக் குதிரை மாதிரி கனைப்பா, நல்லவ, என்றான். ஸ்போகேனில் அவள் வீட்டு ஜன்னலுக்கு வெளியே ஒரு செர்ரி மரம் இருக்கிறதாம். அதை அவள் சொன்னபோது ஹார்லன் மைல் கல்லைப் பார்த்தான். பாக்ஸ் எல்டருக்கு இன்னும் எட்டு மைல்.

முதலில் அவனுக்குத்தான் வந்தது. லேசாக. ரப்பர் விரிப்பாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டான். ஹீட்டரைக் குறைத்தான். அரை மைலில் சந்தேகத்துக்கே இடமில்லை. பழைய வாடை இல்லை, அதைவிட மோசம். எரிந்த ஆயில்.

சோல்வே மடியிலிருந்த துண்டை எடுத்து மூக்குக்கு ஏற்றினாள்.

ஓரத்தில் நிறுத்தி அணைத்தான். பானெட்டைத் தூக்கியதும் புகை முகத்தில் அடித்தது. ஆயில் அளவு பார்க்கும் கம்பி தன் குழாயிலிருந்து ஒரு சாண் மேலே எழும்பி நின்றது. அங்கிருந்து தெறித்த ஆயில் என்ஜினை ஒட்டிய சூடான புகைக்குழாயில் பட்டுப் பொரிந்துகொண்டிருந்தது. குனிந்து அடியில் பார்த்தான். ரப்பர் குழாய் நடுவில் தொய்ந்த இடத்தைத் தட்டினான். கல்லைத் தட்டியது போலிருந்தது. என்ஜின் பக்கத்து கிளாம்ப்பைத் தளர்த்திக் குழாயை உருவினான். உள்ளே அடைபட்டிருந்த காற்று நீளமாகச் சீறி அடங்கியது. சீல் போகவில்லை. கம்பியை அழுத்தி இறக்கினான்.

நிமிர்ந்தபோது சோல்வே பக்கத்தில் நின்றாள். அவன் சீட்டில் விட்டுவந்த கையுறையை நீட்டினாள்.

"விரல் போயிடும்."

போட்டுக்கொண்டான். அவள் குழாயைப் பார்த்தாள்.

"கிளாம்ப் பளபளன்னு இருக்கு. எப்ப மாட்டின?"

"நேத்து."

"போன்ல சொன்னது போன வாரம்."

"ஆமா. அப்ப பண்ணலை."

அவள் குனிந்து குழாய் போகும் வழியைப் பார்த்தாள், வால்வரை. கோதுமை விவசாயி மகள். டிராக்டர் என்ஜின்களோடு வளர்ந்தவள்.

"எர்லிங் இப்படி வெச்சிருக்க மாட்டான். இவ்வளவு நீளம் எதுக்கு, ஹார்லன்?"

"தள்ளி இருக்கட்டும்னு."

"எதுலேர்ந்து?"

"உன்கிட்டேர்ந்து."

ஒரு லாரி அவர்களைக் கடந்து போனது. காற்றில் பனித்தூள் எழுந்து இருவர்மேலும் படிந்தது.

"எவ்வளவு நேரம் ஓடவிட்டு வெச்சிருந்த?"

"மூணு மணி நேரம்."

"அணைக்கறதுக்கென்ன?"

"சீட் ஆறிடும்."

அவள் போய் ஏறிக்கொண்டாள். அவனும் ஏறி என்ஜினைக் கிளப்பினான். குழாய் கழன்ற என்ஜின் பழையபடி முன்பக்கமே மூச்சு விட்டது. வாடை ஹீட்டர் வழியாக வந்தது. இன்னும் பத்தொன்பது மைல். அவள் தன் பக்கத்து ஜன்னலை நான்கு விரல் அளவு இறக்கினாள். குளிர் உள்ளே பாய்ந்தது. அவனும் தன் பக்கம் இறக்கினான். இத்தனை நேரம் கொதித்த சீட் இரண்டு நிமிடத்தில் ஆறிப்போனது. துண்டு அவள் கழுத்தில் இருந்தது. அதை ஏற்றவும் இல்லை, கழற்றவும் இல்லை.

பாக்ஸ் எல்டருக்கு இன்னும் ஆறு மைல் இருந்தது. சாலை வளைந்து வளைந்து போனது. அவன் சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல் ஓட்டினான்.

"சோல்வே, ஞாயித்துக்கிழமை நீ போயே ஆகணுமா?"