குடிக்காமல் எழுதிய பதினொரு வைன்கள்

1
உங்களிடம் மட்டும் சொல்கிறேன்: இந்தக் கதை பயத்தில் பிறந்தது. அப்பா கடையைப் பூட்டிவிட்டு பதினொன்றரைக்கு வருவார். அதற்குள் எழுதி முடிக்க வேண்டும்.

முதல் தொடக்கம்: பியெமொந்தேயின் பனிமூட்டம் படிந்த மலைச்சரிவுகளில்...

(நிறுத்திவிட்டேன். நான் இத்தாலிக்கே போனதில்லை. பயமும் அதனால்தான்.)

2
இரண்டாவது தொடக்கம், உண்மையானது. லண்டன் டூட்டிங்கில் எங்களுக்கு ஒரு வைன் கடை. அப்பா பரமேஸ்வரன் ஒரு சொட்டுக்கூடக் குடித்ததில்லை. நான் ஜதுர்ஷிகா, பதினாறு வயது, நானும்தான். புதிதாக வந்த பதினொரு இத்தாலிய வைன்களுக்கும் கடைத் தட்டில் வைக்கும், ருசி சொல்லும் அட்டைகளை நானே ஆங்கிலத்தில் எழுதினேன்.

பார்பெரா: "புளி கரைத்த விரலை நக்கியதுபோல."

நெபியோலோ: "பார்க்க மெல்லிய சிவப்பு. வாயில், அம்மா அடுப்பில் மறந்துவிட்ட தேத்தண்ணி. நாக்கைப் பிடித்து இழுக்கும்."*

* போத்தலின் பின்னால் 'டனின்' என்றிருந்தது; துவர்ப்புத் தரும் பொருள். தேயிலையிலும் அது உண்டென்று கெமிஸ்ட்ரி மிஸ் சொன்னார். மிச்சம் என் கற்பனை.

3
இன்று மாலை பியெமொந்தேக்காரியான ரோசெல்லா கடைக்கு வந்து, அட்டையை வாசித்துவிட்டு, "அப்படியே எங்கட ஊர் வைன்!" என்றாராம். மகளின் கல்யாணத்துக்கு வைன் தெரிவுசெய்ய, அட்டை எழுதியவரைப் பார்க்க வேண்டுமாம். நாளைக் காலை வருகிறார். கடையில் நின்ற அண்ணன் யனுஷன் போனில் சொன்னான்:

"எடியே, அப்பா முகம் சரியில்லை. நீ களவாக் குடிச்சிருக்கிறாய் எண்டு நினைக்கிறார் போல."

"ஐயோ, நான் ஒரு மூடியும் திறக்கேல்லை!"

"அப்ப அந்த மனுசியை ஏமாத்தியிருக்கிறாய். எது வசதி எண்டு பார்."

4
முடிவு அ: குடித்தேன் என்கிறேன். ரோசெல்லா மகிழ்வார். அப்பா என்னை ஹரோவில் சித்தி வீட்டுக்கு

முடிவு ஆ: எல்லாம் புளுகு என்கிறேன். அட்டைகள் குப்பைக்கு. ரோசெல்லா

(இரண்டையும் முடிக்க மனம் வரவில்லை. அந்த அட்டைகள் எனக்குப் பிடிக்கும்.)

5
அப்பா கதவைத் தட்டாமலே வந்துவிட்டார். கையில் நெபியோலோ அட்டை.

"பிள்ளை, உண்மையைச் சொல்லு. குடிச்சனியே?"

"இல்லையப்பா. சாமி சத்தியமா. யோசிச்சு எழுதினனான்."

அட்டையைத் திரும்ப வாசித்தார். சிரிப்பை அடக்குகிறார் என்று நினைக்கிறேன்.

"வாசிக்க எனக்கே நாக்கு இழுக்குது. குடிச்ச மனுசியும் சரி எண்டுதான் சொல்லுறா. அப்ப இது உண்மையோ, பொய்யோ? நாளைக்கு அவவுக்கு நான் என்ன சொல்ல?"

அப்பா கட்டில் விளிம்பில் இருந்துவிட்டார். இவ்வளவையும் வாசித்தது நீங்கள்; நீங்களே சொல்லுங்கள். கொஞ்சம் கெதியாக. மனுசன் இன்னும் சாப்பிடவில்லை.