வழியனுப்ப வந்தவர்கள் போகவில்லை

மலிவாக விமானச் சீட்டு வாங்குவது ஒன்றும் திருட்டு இல்லை. ஆனால் சிவகுருநாதர் அதைத் திருடனைப் போலத்தான் செய்தார். பினாங்கின் சூலியா தெருவில், முதுகில் மூட்டை சுமந்து திரியும் வெள்ளைக்காரப் பயல்கள் மொய்க்கிற ஒரு சின்ன டிக்கெட் கடைக்குள், இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுச் சட்டென்று நுழைந்தார். பின்னே, தலைமைக் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர், இலங்கைத் தமிழர் சங்கத்தின் செயலாளர் வேறு. கௌரவம் என்று ஒன்று இருக்கிறதே!

"பினாங்குலேருந்து லண்டன்னா வெல ரொம்ப அதிகம் லா சார்," என்றான் கடைக்காரன் தங்கராஜு. "பட்டர்வொர்த்துல ரயில் ஏறி பாங்காக் போயிடுங்க. அங்கேருந்து பிளேன். கராச்சி, மாஸ்கோ, அப்புறம் லண்டன். பாதி காசுதான். ஆனா ஒன்னு, இந்த பிளேன் வாரத்துக்கு ஒருக்காதான். ரயில விட்டீங்க, போச்சு!"

லண்டனில் மகள் வதனிக்குப் பிள்ளைப்பேறு. முதல் குழந்தை பிறந்த அன்றே கண்ணை மூடிவிட்டது. அப்போது தாய் பக்கத்தில் இல்லை. இந்த முறை ஆபரேஷனுக்கு நாள் குறித்துவிட்டார்கள். "அம்மா வராமல் நான் ஆஸ்பத்திரிக்குள்ள போகமாட்டன்," என்று டெலிபோனில் அழுதாள். அன்றிலிருந்து மனைவி அருந்ததிக்குச் சோறு இறங்கவில்லை. தங்கராஜு சொன்ன விமானத்தைப் பிடித்தால் ஆபரேஷனுக்கு முந்தின நாள் போய்ச் சேர்ந்துவிடலாம்.

எல்லாம் நல்லபடியாகத்தான் கூடிவந்தது. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தாரா மனுஷன்? சங்கத் தலைவர் அப்புத்துரை, தன் மகன் அமெரிக்காவிலிருந்து டிக்கெட் அனுப்பிய பெருமையை நாலு பேர் நடுவே பேசப்போக, இவருக்கு வயிறு எரிந்துவிட்டது.

"எங்கட மருமகனும் டிக்கெட் அனுப்பிப்போட்டார். இஞ்ச பாயான் லெப்பாஸ் ஏர்போர்ட்டில ஏறினால் கோலாலம்பூரில ஒரு மாற்றம், பிறகு நேரே லண்டன்," என்று அளந்துவிட்டார்.

"அப்ப நாங்கள் எல்லாரும் ஏர்போர்ட்டுக்கு வாறம்!" என்றார் அப்புத்துரை.

வேண்டாம் என்றால் யார் கேட்டார்கள்? கடைசியில் சிவகுருநாதர் ஒரு திட்டம் போட்டார். விமான நிலையத்தில் மாலை மரியாதையை வாங்கிக்கொண்டு, வந்தவர்களை அனுப்பிவிட்டு, டாக்சி பிடித்து ஃபெரித்துறைக்கு ஓடுவது. பாலம் கட்டி முடியாத காலம், அக்கரையில் இருக்கும் பட்டர்வொர்த்துக்கு ஃபெரிதான்.

"எனக்கு இந்தக் கூத்து வேண்டாம்," என்றாள் அருந்ததி.

"நீர் பேசாமல் இரும்," என்றார் அவர்.

இரண்டு வேன் நிறைய ஆட்கள் வந்தார்கள். மாலை, விபூதி, மிளகாய்த்தூள் பொட்டலம், ஜாதிக்காய் ஊறுகாய். சிவகுருநாதர் எல்லோரையும் கும்பிட்டு, "சரி, நீங்கள் வெளிக்கிடுங்கோ," என்று சொல்லிவிட்டு, மனைவியோடும் பெட்டிகளோடும் கழிப்பறைப் பக்கத்து நடைக்குள் ஒதுங்கினார். கொஞ்ச நேரம் கழித்து எட்டிப் பார்த்தார். ஒருவரும் அசையவில்லை.

எப்படி அசைவார்கள்? விமானம் ஏறி மேகத்துக்குள் மறையும்வரை நின்று கை காட்டாமல் போவது அவர்கள் ஆட்களிடம் பெரிய குற்றம். போன வருஷம் பாதியில் வீட்டுக்குப் போன ஒருவரை, "மரியாதை தெரியாதவன்" என்று சங்கத்தில் வைத்து ஏசியவர் இதே சிவகுருநாதர்தான். அதை நினைத்ததும் அவருக்குக் காது சுட்டது. வெளியே போக ஒரே வாசல். அதை அடைத்துக்கொண்டு ஊரே நின்றது.

"இஞ்சேருங்கோ, ரயிலுக்கு நேரமாச்சு."

"கொஞ்சம் பொறும். பிளேன் போனதும் போயிடுவினம்."

"அதுக்குப் பிறகு ஃபெரி பிடிச்சால், ரயில் எங்களுக்காக நிற்குமோ?"

அப்புத்துரையின் முகத்துக்கு முன்னால் இந்தப் பெட்டிகளோடு எப்படி நடப்பது? நினைக்கவே உடம்பு கூசியது. மெல்ல, "அடுத்த கிழமையும் ஒரு பிளேன் இருக்குதுதானே," என்றார்.

சொன்ன பிறகுதான், அடுத்த வாரமென்றால் மகளின் ஆபரேஷன் முடிந்திருக்கும் என்பது அவருக்கே உறைத்தது. ஐயோ என்று நாக்கைக் கடித்துக்கொண்டார். அருந்ததி அழவும் இல்லை, ஏசவும் இல்லை. கழுத்து மாலையைக் கழற்றி அவர் கையில் கொடுத்துவிட்டு, தன் பையை மட்டும் தூக்கிக்கொண்டு வாசலை நோக்கி நடந்தாள்.

நடையில் நின்றபடியே அவள் பேசுவது அவருக்குக் கேட்டது.

"எங்களுக்கு இஞ்ச பிளேன் இல்லை. பட்டர்வொர்த்தில ரயில் ஏறி, பாங்காக்கில இருந்துதான் போறது. மலிவு டிக்கெட். உங்களுக்குச் சொல்ல இவருக்கு வெட்கம். ஆராவது என்னை ஃபெரிக்குக் கொண்டுபோய் விடுங்கோ."

என்னை என்றாள். எங்களை என்று சொல்லவில்லை.

அப்புத்துரைதான் முதலில் கத்தினார். "அட, இதை முன்னமே சொல்லியிருக்கலாமே அக்கா! ஏறுங்கோ, ஏறுங்கோ. சிவகுரு எங்கை?"

இரண்டு பெட்டி, இரண்டு மாலையோடு சிவகுருநாதர் வெளியே வந்தார். யாராவது ஒருவர் சிரித்திருந்தால் அவருக்குத் தேவலை போலிருந்தது. சிரிக்கவில்லை. வேனில் முன் இருக்கையை அவருக்கு விட்டுக்கொடுத்தார்கள். அப்புத்துரையின் மனைவி நல்லம்மா தண்ணீர் போத்தலை நீட்டினாள். அக்கரையில் இறங்கியதும் ஆளுக்கொரு சாமானைத் தூக்கிக்கொண்டு பிளாட்பாரத்தில் ஓடினார்கள். பெரிய பெட்டியை அப்புத்துரையே தலையில் வைத்து ஓடினார். அதைப் பார்க்கப் பார்க்கச் சிவகுருநாதர் கூனிக் குறுகிப்போனார்.

ரயில் நகர்ந்தது. தென்னந்தோப்புகள் பின்னால் போயின. அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"நல்ல காலம், ஒருத்தரும் சிரிச்சுப் பகிடி பண்ணேல்லை."

"மலிவு டிக்கெட்டில போனால் ஆருக்கு என்ன? அதுக்கு ஏன் பகிடி பண்ணுகினம்?" என்றாள் அருந்ததி. ஜன்னலிலிருந்து முகத்தைத் திருப்பவில்லை. பிறகு சொன்னாள்: "அடுத்த கிழமை எண்டு சொன்னீங்கள் பாருங்கோ, அதை நான் வதனிக்குச் சொல்லமாட்டன்."

சிவகுருநாதர் தலையைக் குனிந்துகொண்டார். பாங்காக் வரை அந்த முகத்துக்கு எதிரே இருக்க வேண்டும். அதற்குப் பிறகு லண்டன்வரை அவள் பக்கத்துச் சீட்டில்.