இரண்டு கேன் பெட்ரோல்

மீன் பிடிக்கப் போகிறவனுக்குக் கொக்கி வைத்த ஏணி எதற்கு? வலைக்கு அடியில் அது கிடந்ததைப் பார்த்தவுடனேயே அந்தச் சின்னப் படகில் இருந்த ஐந்து பேரின் தலையெழுத்தும் மாறிவிட்டது. ஸ்பானியக் கடற்படையின் காலாட்படை வீரர்கள் எட்டுப் பேர், இரண்டு ரப்பர் படகுகளில் வந்து அவர்களை மடக்கியிருந்தார்கள். சோமாலியக் கரை அங்கிருந்து நாற்பது மைல்.

கப்பல் கொள்ளைக்குப் போகிறவர்களோ என்று சந்தேகம் வந்தால் செய்ய வேண்டியது என்னவென்று எல்லோருக்கும் தெரியும். ஏணியைக் கடலில் தூக்கிப் போடு. கரை போய்ச் சேர வேண்டிய அளவுக்கு மட்டும் பெட்ரோலை விட்டுவிட்டு மிச்சத்தை எடுத்துக்கொள். வழக்குப் போட ஆதாரம் போதாதபோது இதுதான் வழி. யாரும் அடிபடாமல், யாரும் சாகாமல் முடிகிற வேலை என்று கார்ப்பரல் அமாரோ அதை மனதார நம்பியிருந்தான்.

படகில் ஏறிச் சோதித்தது அவன்தான். ஆறு மஞ்சள் கேன்கள், ஒன்றுபோல ஆறும் அழுக்கு. முதல் கேனின் மூடியைத் திறக்கும்போதே பெட்ரோல் சிந்திக் கையுறை நனைந்துவிட்டது. அந்த நனைந்த கையுறையோடேயே மற்றதையும் ஒவ்வொன்றாகத் திறந்து முகர்ந்தான்.

"என்னடா, ஒயினா அது? மோந்து பாத்துக்கிட்டே நிக்கிற" என்று ரப்பர் படகிலிருந்து சார்ஜென்ட் பால்தோமேரோ கேட்டார்.

"பெட்ரோல், சார்ஜென்ட். ஆறும் பெட்ரோல்தான்."

"அப்போ ரெண்ட விட்டுட்டு நாலத் தூக்கு. ரெண்டு கேன் இருந்தா மத்தியானச் சோத்துக்கு வீடு போய்ச் சேந்துருவானுங்க."

ஐந்து பேரும் தலைமேல் கை வைத்து முட்டி போட்டிருந்தார்கள். அவர்களில் நரைத்த தாடிக்காரர் ஒருவர் ஒரு கையை எடுத்து ஒரு கேனைக் காட்டிக் காட்டி என்னவோ சொன்னார். "கைய மேல வை" என்று அமாரோ அதட்டினான். வைத்தார். மறுபடி எடுத்தார். மூன்றாவது தடவை அமாரோ துப்பாக்கியைத் தூக்கியதும் அவர் வாயை மூடிக்கொண்டார். மொழிபெயர்ப்பாளர் குலெத் அன்றைக்குப் பார்த்துப் பல்வலி என்று கப்பலில் படுத்திருந்தார். ஏணியையே கையில் பிடித்தாகிவிட்டது, இனிப் பேச என்ன இருக்கிறது என்று அவரை ரேடியோவில்கூட யாரும் கூப்பிடவில்லை.

கிளம்பும்போது அமாரோவுக்கு மனசு கேட்கவில்லை. தங்களுக்கென்று வைத்திருந்த குடிதண்ணீர் பாட்டில்கள் பன்னிரண்டையும் எடுத்து அந்தப் படகில் வைத்துவிட்டு வந்தான்.

பதினேழு நாள் கழித்து, அங்கிருந்து முந்நூறு மைல் தள்ளி, நடுக்கடலில் அதே படகைக் கண்டார்கள். உள்ளே இரண்டு பிணங்கள் கிடந்தன. தாடிக்காரர்மேல் யாரோ வலையைப் போர்த்தியிருந்தார்கள். இரண்டு பேரைக் காணவில்லை. ஒருவனுக்கு மட்டும் மூச்சு இருந்தது.

உயிரோடு இருந்தவனைத் தூக்கிக் கொடுத்த பிறகு அமாரோ அந்தப் படகிலேயே நின்றான். இஞ்சின் டேங்க் காய்ந்து கிடந்தது. பக்கத்தில் இரண்டு மஞ்சள் கேன்கள், இரண்டும் காலி. ஒன்றைத் திறந்து முகர்ந்தான், பெட்ரோல் வாடை. மற்றதிலும் அதே வாடைதான். அவன் அப்பா ஸ்பெயினில், கலீசியாக் கரையில் மத்தி பிடிக்கிறவர், எந்தக் கேனையும் விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்க்காமல் நம்பமாட்டார். அமாரோ இரண்டாவது கேனைத் தலைகீழாகக் கவிழ்த்தான். உள்ளங்கையில் இரண்டு சொட்டு விழுந்தது. நாக்கில் வைத்தான். தண்ணீர்.

பழைய பெட்ரோல் கேனில் குடிதண்ணீர் பிடித்து வைத்திருக்கிறார்கள், பாவிகள். வேறு கேனுக்கு எங்கே போவார்கள்? அந்த மனுஷர் திரும்பத் திரும்பக் கைகாட்டியது இதைத்தான். அமாரோ படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தான்.

கப்பலுக்குத் திரும்பியதும் சார்ஜென்டிடம் சொன்னான்.

"நீ மோந்த, நான் எழுதினேன். ரிப்போர்ட்ல ரெண்டு கேன் பெட்ரோல்னு போட்டாச்சு" என்றார் அவர். "இப்பப் போய் அதக் கெளறாத. காத்து மாறியிருக்கும்டா."

"டேங்க் காஞ்சு கெடக்கு, சார்ஜென்ட். பாதி வழியிலேயே நின்னிருக்கு."

"அவனுங்க கொக்கி ஏணி வெச்சிருந்தானுங்க. அத மறந்துட்டியா?"

"ஏணி வெச்சிருந்தா தாகத்துல சாகணுமா?"

சார்ஜென்ட் கெட்டவர் இல்லை. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "போய்ப் படுடா" என்று மட்டும் சொன்னார். அமாரோ போய்ப் படுத்தான். தூக்கம் வரவில்லை.

பிழைத்தவன் பெயர் வர்சமே. தாடிக்காரரின் தம்பி. மூன்றாம் நாள் காலை அவனுக்குப் பேச்சு வந்தது என்று கேள்விப்பட்டு அமாரோ மருத்துவ அறைக்குப் போனான். படகைச் சோதித்த அன்றைக்கு ஹெல்மெட்டும் முகத்துணியும் போட்டிருந்ததால் வர்சமேக்கு அவனை அடையாளம் தெரியவில்லை. குலெத் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

"ஒருத்தன் தண்ணி பாட்டில் குடுத்தானாம்" என்றார் குலெத். "மூடியில ஊத்தி ஊத்திக் குடிச்சிருக்காங்க. அவன் இந்தக் கப்பல்லதான் இருக்கானான்னு கேக்குறாரு. பாத்து ரெண்டு வார்த்த நல்லதாச் சொல்லணுமாம்."

"நான்தான்னு சொல்லுங்கண்ணே."

குலெத் சொன்னார். வர்சமே இரண்டு கைகளாலும் அமாரோவின் கையைப் பிடித்துக்கொண்டான். உதடெல்லாம் வெடித்திருந்தது. அப்படியும் சிரித்தான். அமாரோவால் அதைப் பார்க்க முடியவில்லை.

"கேன மோந்து பாத்து பெட்ரோல்னு சொன்னதும் நான்தான். அதையும் சொல்லுங்க."

"வேணாம் தம்பி. அந்த ஆளு பொழச்சதே பெருசு."

"சொல்லுங்கண்ணே. சொல்லலேன்னா என் கைய விடமாட்டாரு."

குலெத் தலையைக் குனிந்துகொண்டு சொல்லி முடித்தார். வர்சமேயின் சிரிப்பு போயிற்று. கையை மட்டும் விடவில்லை. மெல்ல, நிறுத்தி நிறுத்தி ஏதோ பேசினான்.

"என்ன சொல்றாரு?"

குலெத் மொழிபெயர்த்தார். "ஊருக்குப் போனதும் அண்ணி கேப்பாளாம். 'நான் சொன்னா அவ நம்பமாட்டா. தண்ணிக்கும் பெட்ரோலுக்கும் வித்தியாசம் தெரியாதவனா கடலுக்கு வருவான், நீதான் எதையோ மறைக்கிறேன்னு என்னச் சொல்லுவா. நீ வந்து சொல்லு' அப்படிங்கிறாரு." பிறகு, "வருவியான்னு கேக்குறாரு" என்றார்.

அந்தக் கரையில் இந்தக் கப்பல்காரர்கள் ஒருவர்கூட இதுவரை கால் வைத்ததில்லை. வைக்கவும் விடமாட்டார்கள். நாளை மறுநாள் வர்சமேயைக் கரையிலிருந்து வரும் படகில் ஏற்றி அனுப்புவதோடு சரி. இது அமாரோவுக்கும் தெரியும், குலெத்துக்கும் தெரியும்.

"வரேன்னு சொல்லுங்க" என்றான் அமாரோ.

குலெத் அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டு அப்படியே சொன்னார். வர்சமே தலையை ஆட்டினான். அப்புறம் கையை விட்டுவிட்டு, நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொண்டான்.