சர்வதேச நடுவர்

கோலாலம்பூருக்கு விமானம் ஏறுவதற்கு முன்பே, எங்கள் தீவின் ஜங்லிகாட் பஜாரில் பத்தடி ஃபிளெக்ஸில் ஏறிவிட்டார் வணிகவியல் பேராசிரியர் ஆவுடையப்பன். ‘சர்வதேச நடுவரே, வென்று வருக!’ என்று போட்டிருந்தது. அங்கே வாதாடப் போகிறவர்கள் அவருடைய மாணவர்கள் சுகுணாவும் அஸ்வினும். அவர்கள் படம் இவருடைய முழங்கைக்குக் கீழே ஸ்டாம்பு அளவில் இருந்தது. உலகக் கல்லூரி மாணவர்கள் கூடுகிற விவாதப் போட்டி அது. அணி அனுப்புகிற கல்லூரி கூடவே ஒரு நடுவரையும் அனுப்ப வேண்டும் என்பது விதி. நடுவர் என்றதும் கல்லூரி முதல்வருக்கு வேறு யார் ஞாபகத்துக்கு வருவார்? எங்கள் தமிழர் நலச் சங்கத்தின் பொங்கல் பட்டிமன்றத்துக்கு இருபது வருடமாக இவர்தான் நடுவர்.

அவர் நடுவராக இருக்கிற லட்சணம் ஊருக்கே தெரியும். மேடையில் யார் பேசினாலும் அவர் காதில் வாங்குவதில்லை. அடுத்து விட வேண்டிய தமாஷை மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருப்பார். தீர்ப்பை வீட்டிலேயே எழுதிப் பையில் வைத்துக்கொண்டு வந்துவிடுவார். யாருக்கும் தோல்வி கிடையாது. எல்லோரும் சிரித்துக்கொண்டே சாப்பிடப் போவார்கள்.

தீவிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிற மலேசியாவுக்கு, மெயின்லேண்ட் என்கிற இந்தியப் பெருநிலத்தைச் சுற்றிக்கொண்டு போய்ச் சேர்ந்தால், அங்கே நடுவர்களுக்கே முதலில் பரீட்சை வைத்தார்கள். இவருக்குக் கிடைத்தது ‘பயிற்சி நடுவர்’ பதவி. அறையில் உட்காரலாம், கருத்துச் சொல்லலாம், ஓட்டு மட்டும் கிடையாது. அந்த அறையின் தலைமை நடுவர் ஒரு பிலிப்பைன்ஸ் பெண். இருபத்தொரு வயது இருக்கும், சூயிங்கம் மென்றுகொண்டிருந்தாள். நான்கு அணிகள் பேசி முடித்ததும், வரிசைப்படுத்தச் சொல்லி இவரைக் கேட்டாள்.

நான்குமே அருமை என்றார். நான்கு அணிகளுக்கும் முதலிடம் தர முடியாதே என்றாள் அவள். சரி, மூன்றாவதாகப் பேசியவர் என்ன சொன்னார்? ஆவுடையப்பன் நோட்டைப் புரட்டினார். அதில் மாமியார் ஜோக் நான்கும், வரவேற்புக் கவிதை ஒன்றும் இருந்தன.

மறுநாள் காலை விடுதி அறையை விட்டு அவர் கிளம்பவில்லை. சுகுணா வந்து கதவைத் தட்டினாள்.

“நான் வரலம்மா. நேத்துப் பெறந்தவ, என்கிட்ட கேள்வி கேக்கா. இருவது வருசமா நடுவரா இருக்கேன். ஏன் இப்படித் தீர்ப்பு சொன்னேன்னு ஒருத்தன் கேட்டதில்ல, தெரியுமா?”

“அதான் சார் பிரச்சினையே,” என்றாள் சுகுணா. கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்துப் பெண்ணுக்குச் சுற்றி வளைத்துப் பேசத் தெரியாது. “நீங்க வரலைன்னா எங்க டீமையே தூக்கிருவாங்க. எங்கப்பா கச்சால்ல இருந்து ரெண்டு நாள் கப்பல்ல வந்து என்னைய வழியனுப்பிட்டுப் போயிருக்காரு சார். நீங்க அங்க பேசக்கூட வேணாம். உக்காந்து கேட்டா போதும்.”

பேச வேண்டாம் என்று அவரிடம் இதுவரை யாரும் சொன்னதில்லை. சுருக்கென்றது. அந்த வீம்பிலேயே சட்டையை மாட்டிக்கொண்டு போனார். சூயிங்கம்காரி எங்கே சறுக்குகிறாள் என்று பிடித்துவிட வேண்டும் என்பதற்காகவே, ஆயுளில் முதல்முறையாக, அடுத்தவர் பேச்சைக் கேட்டார். குறிப்பெடுத்தார். கேட்டால் என்னென்னவோ தெரிகிறது! யார் பதில் சொல்லாமல் நழுவுகிறார்கள், யார் குரலை உயர்த்தியே ஒப்பேற்றுகிறார்கள் என்றெல்லாம் பிடிபட்டது.

மூன்றாம் நாள், இரண்டாவது அணி எதிரணியின் முக்கியமான கேள்வியைத் தொடவே இல்லை என்று மெல்லச் சொன்னார். அந்தப் பெண் தன் தாளைப் பார்த்தாள். “நான் கவனிக்கவில்லை. நீங்கள் சொல்வது சரி,” என்று வரிசையைத் திருத்தி எழுதினாள். இத்தனை வருடம் வாங்கிய சால்வைகளில் ஒன்றுகூட ஆவுடையப்பனுக்கு இந்தச் சந்தோஷத்தைத் தந்ததில்லை.

சுகுணாவின் அணிக்கு நாற்பத்தோராம் இடம். ஊர் திரும்பியபோது அதை ஒருவரும் விசாரிக்கவில்லை. சர்வதேச நடுவருக்கு மட்டும் மாலை விழுந்தது.

பொங்கல் வந்தது. ‘தீவில் நிம்மதியாக வாழ உதவுவது அரசு வேலையா, சொந்தத் தொழிலா?’ என்பது தலைப்பு. சங்கத்தில் பாதிப் பேர் அரசு ஊழியர்கள், மீதிப் பேர் கடைக்காரர்களும் கான்ட்ராக்டர்களும். சொந்தத் தொழில் அணிக்குத் தலைவி சுசீலா. சங்கச் செயலாளரும் கான்ட்ராக்டருமான பக்தவத்சலத்தின் மனைவி.

அன்று ஆவுடையப்பன் ஒரு தமாஷும் விடவில்லை. குனிந்து எழுதிக்கொண்டே இருந்தார். கூட்டம் நெளிந்தது. கடைசியில் எழுந்து, பேசிய நான்கு பேரையும் வரிசைப்படுத்தினார்.

“நாலாவது இடம் திருமதி சுசீலா. பேசினது ஏழு நிமிசம். அதுல அஞ்சு நிமிசம் அவங்க பையன் மெயின்லேண்டுல இன்ஜினியரிங் படிக்கிற கதை. எதிரணி கேட்ட ஒரு கேள்விக்கும் பதில் இல்ல. அரசு வேலை அணி ஜெயிச்சிருக்கு. காரணத்தைச் சொல்லுதேன்.”

சுசீலாவின் முகம் சுண்டியது. பக்தவத்சலம் ஒரே எட்டில் மேடையேறி மைக்கைப் பிடுங்கிக்கொண்டார்.

“அரே, ஐயா மஜாக் பண்றாரு! தமாஷ் பண்ண ஐயாவுக்குச் சொல்லியா தரணும்? இதுதாங்க இன்டர்நேஷனல் லெவல்!”

கூட்டம் குபீரென்று சிரித்தது. ஆவுடையப்பன், “தமாஷ் இல்ல, நெசமாத்தான் சொல்லுதேன்,” என்றார். சிரிப்பு இரண்டு மடங்கானது. நோட்டைத் தூக்கிக் காட்டி, “எழுதி வச்சிருக்கேன், பாருங்க,” என்றார். முன்வரிசையில் ஒருவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டார். சுசீலாவும் இப்போது சிரித்தார். இருபது வருடத்தில் ஆவுடையப்பனுக்கு இப்படி ஒரு கைதட்டல் கிடைத்ததில்லை.

மூன்றாவது வரிசையில் சுகுணா மட்டும் சிரிக்கவில்லை. “காரணத்தைச் சொல்லுங்க சார்!” என்று எழுந்து நின்று கத்தினாள். அதற்குள் பக்தவத்சலம் எல்லோரையும் சாப்பிடக் கூப்பிட்டுவிட்டார்.